அந்த நான்கு மணி நேரம் வீட்டுக்குள் என்ன நடந்தது

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருந்த உங்கள் பெரியப்பா, வயது 74, வீட்டுக்குள்ளேயே இறந்துகிடந்தார். இரண்டு நாள் தமிழ் முரசு கம்பிக் கதவில் செருகியபடியே இருந்ததைப் பார்த்து எதிர்வீட்டு மலாய் அம்மா தகவல் சொன்னார். பூட்டை அறுத்துத் திறந்தார்கள். அதன்பிறகு நான்கு மணி நேரம் உங்களைத் தாழ்வாரத்திலேயே நிறுத்திவிட்டு உள்ளே படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். மாத்திரைகளையும் கைப்பேசியையும் அவர் காப்பி குடித்த கோப்பையையும் எடுத்துச் சென்றார்கள். கடைசியாக யாரோடு சண்டை, கடன் உண்டா என்று உங்கள் அம்மாவிடமே கேட்டார்கள். உடலை வெளியே கொண்டுவந்தபோது இடது கன்னம் கருத்திருந்தது, மூக்கோரம் இரத்தம் போல் இருந்தது. மறுநாள் சான்றிதழில் இதய நோய் என்று இருந்தது. “இதய நோய்தான் என்றால் எதற்கு இத்தனை? எதையாவது மறைக்கிறார்களா?” இதுதான் நீங்கள் கேட்டது.

நான் காவல்துறையில் 28 ஆண்டுகள் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் விசாரணை அதிகாரியாக இப்படிப்பட்ட வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறேன். உங்கள் பெரியப்பாவின் வழக்குக் கோப்பு எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த நான்கு மணி நேரத்தில் என்ன செய்வார்கள், ஏன் செய்வார்கள் என்று சொல்ல முடியும்.

முதலில், இதய நோய் என்பது உங்களுக்கு மறுநாள் தெரிந்த செய்தி. பூட்டை அறுத்த நேரத்தில் அது யாருக்கும் தெரியாது. உள்ளே போகிறவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒருவர் அசையாமல் கிடக்கிறார் என்பது மட்டும்தான். விழுந்து தலையில் அடிபட்டிருக்கலாம். மாத்திரை மாறிப் போயிருக்கலாம். மின்சாரம் தாக்கியிருக்கலாம், அப்படியென்றால் உள்ளே கால் வைக்கிறவருக்கும் ஆபத்து. யாராவது வந்துபோயிருக்கலாம். ஒவ்வொன்றையும் பார்த்து, இல்லை இல்லை என்று விலக்கிக்கொண்டே வந்தால்தான் கடைசியில் இதயம் என்று உறுதியாகச் சொல்ல முடியும். வயதானவர், இதயமாகத்தான் இருக்கும் என்று ஊகித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். அப்படி முடித்திருந்தால்தான் நீங்கள் கோபப்பட வேண்டும்.

சட்டமும் அதையே சொல்கிறது. சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டு மரண விசாரணைச் சட்டத்தின்படி, காரணம் தெரியாத மரணம், இயற்கைக்கு மாறான மரணம், வன்முறையால் நேர்ந்த மரணம், காவலில் இருக்கும்போது நேர்ந்த மரணம் போன்றவற்றைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். அங்கிருந்து அது மரண விசாரணை அதிகாரியிடம் (கொரோனர் என்ற நீதித்துறை அதிகாரி) போகும். இறந்தவர் யார், எங்கே, எப்போது, எப்படி இறந்தார் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை காண்பதுதான் அவருடைய வேலை. யார் குற்றவாளி, யார் இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்புச் சொல்வது அந்த விசாரணையின் நோக்கமே அல்ல. இதைக் குடும்பங்களுக்கு முதலிலேயே யாராவது எடுத்துச் சொல்லிவிட்டால் பாதி மனக்கசப்பு குறையும்.

இங்கே ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். நீண்ட காலமாக நோயில் இருந்த ஒருவர் வீட்டில் எதிர்பார்த்தபடி இறந்தால், அவரைப் பார்த்துவந்த மருத்துவரை அழையுங்கள். அவர் வந்து பார்த்து, இயற்கை மரணம், இன்ன காரணம் என்று சான்றளிக்க முடிந்தால் காவல்துறைக்கு வேலையே இல்லை. 2022 மே 29 முதல் மருத்துவர் இணையத்தில் சான்றளித்ததுமே மரணம் பதிவாகிவிடுகிறது. அப்படிச் சான்றளிக்க முடியாதபோதுதான் வழி இந்தப் பக்கம் திரும்புகிறது. உங்கள் பெரியப்பாவைக் கடைசி இரண்டு நாள் யாரும் பார்க்கவில்லை. அதனால்தான் வழி திரும்பியது.

இனி அந்த வீட்டுக்குள் போவோம்.

முதலில் போகிறவர்கள் அக்கம்பக்கக் காவல் நிலையத்து அதிகாரிகளும் குடிமைத் தற்காப்புப் படையின் மருத்துவ உதவியாளர்களும். உயிர் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதற்காக எதை மிதித்தாலும் எதை நகர்த்தினாலும் தவறில்லை. ஆனால் எதை நகர்த்தினோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். உயிர் இல்லை என்று உறுதியான நொடியிலிருந்து எல்லாம் மாறிவிடும். வாசலில் ஒருவர் நின்று, யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்று எழுதத் தொடங்குவார். உள்ளே போக ஒரே தடம்தான். எல்லாரும் அதில்தான் நடக்க வேண்டும். உங்களை நிறுத்தியது இதனால்தான். உங்கள் மேல் சந்தேகம் என்பதால் அல்ல. மூத்த அதிகாரி வந்தால் அவருடைய பெயரும் அந்தத் தாளில் ஏறும்.

பூட்டு எப்படி இருந்தது என்பது மிக முக்கியம். கம்பிக் கதவு உள்ளிருந்து பூட்டப்பட்டிருந்ததா, வெளியிலிருந்தா, சாவி எங்கே கிடந்தது, சன்னல் திறந்திருந்ததா? பூட்டை அறுக்கும் முன்பே ஒரு படம் எடுத்திருப்பார்கள், எடுத்திருக்க வேண்டும். அறுத்த பூட்டையும் எறிய மாட்டார்கள்.

பிறகு படம். வாசலில் நின்று ஒன்று, அறையின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒன்று. முழு அறையும் தெரிய வேண்டும். அடுத்து இடைத்தூரத்தில், உடல் எதற்குப் பக்கத்தில் கிடக்கிறது என்று தெரியும்படி. அதன்பிறகுதான் நெருங்கி, பக்கத்தில் சிறு அளவுகோல் வைத்து. எதையும் தொடும் முன் ஒரு சுற்று. உடலைப் புரட்டிய பின் இன்னொரு சுற்று, ஏனென்றால் உடலின் அடியில் கிடந்ததும் பேசும். படம் மட்டும் போதாது. படத்தில் தூரம் தெரியாது. ஆகவே கையால் ஒரு வரைபடமும் போடுவார்கள். சுவரில் நகராத இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து, தலை அங்கிருந்து எத்தனை சென்டிமீட்டர், கால் எத்தனை என்று அளந்து எழுதுவார்கள். அந்த வீட்டை நாளைக்கே காலி செய்து வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாம். ஆறு மாதம் கழித்து மரண விசாரணை அதிகாரி கேட்டால் அந்த அறையை மறுபடி கண் முன்னே நிறுத்த அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும்.

நான் புதிதாக விசாரணை அதிகாரி ஆன வருடம் ஒரு தவறு செய்தேன். அப்பர் பூன் கெங் பக்கம் ஒரு வீடு. மதிய வெயில், மூடிய அறை, உள்ளே நிற்க முடியாத நாற்றம். உள்ளே போனதும் சன்னலைத் திறந்துவிட்டேன். மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி தாள்களைப் பறக்கவிடுகிறது என்று அதையும் நிறுத்தினேன். குறிப்பேட்டில் எழுதவில்லை. மறுநாள் பிணவறையில் நோயியல் நிபுணர், அதாவது இறந்தவர் உடலைப் பரிசோதிக்கும் மருத்துவர், கேட்ட முதல் கேள்வி, “விசிறி ஓடியதா? சன்னல்?” உடல் எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தது, எவ்வளவு வேகமாகக் கெட்டது என்பதற்கெல்லாம் அறையின் வெப்பமும் காற்றும்தான் கணக்கு. நினைவிலிருந்து சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, “எழுதியிருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கை பைக்குள் இருக்கும், கண் மட்டும் வேலை செய்யும். விளக்கு, விசிறி, குளிர்சாதனம், சன்னல், அடுப்பு, குழாய், தொலைக்காட்சி என்று ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருந்தது என்று எழுதிய பிறகுதான் மூக்கைப் பற்றிக் கவலைப்படுவேன்.

நம் ஊரில் இது இன்னும் முக்கியம். உடலின் வெப்பம் 37 பாகை. மதியத்தில் மூடிய வாடகை வீட்டுக்குள் 30 பாகையைத் தாண்டிவிடும். இடையில் ஆறேழு பாகைதான் வித்தியாசம். குளிர்நாடுகளில் உடல் குளிர்வதை வைத்து மணிக்கணக்குப் போடுவது போல இங்கே போட முடியாது. பக்கத்து வீட்டில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தால் அங்கே வேறு கணக்கு. விறைப்பும் அப்படித்தான். இறந்த இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தாடையிலும் கழுத்திலும் தெரிய ஆரம்பித்து, சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவி, பிறகு மெல்லத் தளரும். சூட்டில் எல்லாமே வேகம். தொலைக்காட்சித் தொடரில் வருவது போல “இரவு 10.20க்கு இறந்தார்” என்று எந்த நிபுணரும் உடலை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டார்.

அதனால்தான் வீட்டைப் படிக்கிறோம். ஒரு முதியவரின் வீட்டில் சுவரில் தினசரி நாட்காட்டி. வியாழக்கிழமைத் தாள் தெரிந்தது. அப்படியானால் புதன் தாளை வியாழன் காலையில் கிழித்திருக்கிறார், வியாழன் வரை உயிரோடு இருந்திருக்கிறார் என்றுதான் நானும் என்னுடன் வந்தவரும் எழுதப்போனோம். மகளிடம் கேட்டதும் கதை மாறியது. அவர் இரவில் படுக்கும் முன்பே அன்றைய தாளைக் கிழித்துவிடுவாராம். “காலையில் எழுந்ததும் புது நாள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பார்” என்று சொல்லி அழுதார். மாத்திரைப் பெட்டியைத் திறந்தோம். புதன் இரவு அறை காலி, வியாழன் காலை அறையில் நான்கு மாத்திரையும் அப்படியே. சாமி மாடத்தில் மல்லிகைச் சரம் வாடியிருந்தது, விளக்கில் எண்ணெய் இருந்தும் திரி அணைத்துவைக்கப்பட்டிருந்தது. புதன் இரவு 9 மணிக்கு மேல் கைப்பேசியில் ஓர் அழைப்புக்கும் பதில் இல்லை. நான்கையும் சேர்த்துப் பார்த்தால் புதன் இரவு படுக்கப்போனதற்கும் வியாழன் விடிவதற்கும் இடைப்பட்ட நேரம். நாட்காட்டியை மட்டும் நம்பியிருந்தால் ஒரு நாள் தள்ளிப்போயிருக்கும். மகளை மட்டும் கேட்டிருந்தால் மாத்திரையைப் பற்றி அவருக்குத் தெரியாது.

உங்கள் அம்மாவிடம் கேட்ட கேள்விகளை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கடைசியாக எப்போது பேசினார், என்ன சாப்பிடுவார், எத்தனை மணிக்குத் தூங்குவார், எந்த மருத்துவமனையில் காட்டுகிறார், குடிப்பழக்கம் உண்டா, மனம் நொந்திருந்தாரா, கடன் உண்டா, யாரோடாவது மனத்தாங்கலா? இறந்தவரைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லாவிட்டால் அந்த வீட்டிலுள்ள எந்தப் பொருளும் வாய் திறக்காது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். துக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணிடம் தாழ்வாரத்தில், அக்கம்பக்கத்தார் பார்க்க, “சண்டையா?” என்று கேட்ட விதம் சரியில்லை. கேள்வி தேவை. அதைக் கேட்கும் இடமும் குரலும் வேறாக இருந்திருக்க வேண்டும். புளோக்கின் கீழே ஒரு மேசையில் உட்காரவைத்து, ஒரு குவளை தண்ணீர் கொடுத்து, எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கேட்டிருக்கலாம். நான் பழக்கிய இளம் அதிகாரிகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன்.

இப்போது உங்களை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன்: கருத்த கன்னமும் மூக்கில் இருந்த இரத்தமும்.

இதயம் நின்றதும் இரத்தம் ஓடுவது நின்றுவிடும். நின்ற இரத்தம் தண்ணீரைப் போலத் தாழ்வான பக்கத்தில் போய்த் தேங்கும். மல்லாந்து கிடந்தால் முதுகில், குப்புறக் கிடந்தால் முகத்திலும் மார்பிலும். இடது பக்கமாக ஒருக்களித்துக் கிடந்தால் இடது கன்னத்திலும் இடது தோளிலும். தேங்கிய இடம் முதலில் இளஞ்சிவப்பாகவும் பிறகு கருஞ்சிவப்பாகவும் மாறும். பார்ப்பவருக்கு அடித்த தழும்பு போலவே இருக்கும். என் பணிக்காலத்தில் அதைப் பார்த்து அலறிய உறவினர்கள் ஒருவர் இருவர் அல்லர். அடிபட்ட காயத்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. முதல் சில மணி நேரத்தில் விரலால் அழுத்தினால் தேங்கிய இரத்தம் விலகி அந்த இடம் வெளுக்கும், காயம் வெளுக்காது. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அழுத்தினாலும் பெரும்பாலும் வெளுக்காது. அப்போது நோயியல் நிபுணர் தோலைச் சிறிது திறந்து பார்த்தால் தெரியும்: காயமானால் இரத்தம் சதைக்குள் கசிந்திருக்கும், இல்லாவிட்டால் குழாய்களுக்குள்ளேயே இருக்கும். இன்னொன்று, தரையில் அழுந்திய இடத்தில் இரத்தம் போக வழியில்லாததால் அது மட்டும் வெள்ளையாக இருக்கும். உங்கள் பெரியப்பாவின் கன்னத்தில் தரை விரிப்பின் கோடுகள் வெள்ளையாகப் பதிந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான்.

இந்தக் கருமையைக் காவல்துறை ஏன் அத்தனை கவனமாகப் படம் எடுக்கிறது தெரியுமா? அது உடல் கிடந்த விதத்துக்கு ஒரு சாட்சி. குப்புறக் கிடப்பவரின் முதுகில் கருமை நிலைத்திருந்தால், இறந்து பல மணி நேரம் கழித்து யாரோ புரட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அப்போது விசாரணையின் போக்கே மாறிவிடும். உங்கள் பெரியப்பா இடப்பக்கம் கிடந்தார், இடது கன்னம் கருத்திருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன.

மூக்கில் வந்தது பெரும்பாலும் இரத்தமே அல்ல. ஒன்றரை நாளுக்கு மேல் இந்த வெப்பத்தில் இருந்த உடலில் அழுகல் தொடங்கியிருக்கும். வயிற்றிலும் நெஞ்சிலும் வாயு சேர்ந்து உள்ளே இருக்கும் நீரை மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் வெளியே தள்ளும். செம்பழுப்பாக, இரத்தத்தைப் போலவே தோன்றும். உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். மெதுவாக, ஆனால் மறைக்காமல் சொல்லுங்கள். யாரோ அடித்தார்கள் என்ற எண்ணம் ஒரு குடும்பத்தை எத்தனை ஆண்டுகள் அரிக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எடுத்துச் சென்ற பொருள்களைப் பற்றியும் கேட்டீர்கள். மாத்திரை அட்டைகளை எண்ணுவார்கள். எந்தத் தேதியில் எத்தனை கொடுத்தார்கள் என்று மருந்துப் பையின் மேல் ஒட்டிய தாளில் இருக்கும். இன்று எத்தனை மிச்சம் இருக்க வேண்டும், எத்தனை இருக்கிறது? குறைவாக இருந்தால் அதிகம் விழுங்கினாரா என்ற கேள்வி. கூட இருந்தால் இரத்த அழுத்த மருந்தை நிறுத்திவிட்டாரா என்ற கேள்வி, அது இதயத்துக்கு நேரே போகும். கோப்பை, கடைசியாகக் குடித்தது எது என்பதற்காக. கைப்பேசி, கடைசி அழைப்புக்காக. ஒவ்வொரு பொருளும் தனித்தனி உறையில், யார் எடுத்தார், எப்போது எடுத்தார், யாரிடம் கொடுத்தார் என்ற வரிசை அறுபடாமல் போகும். ஓர் இடத்தில் அறுந்தாலும் அந்தப் பொருளின் மேல் நீதிமன்றத்தில் சந்தேகம் எழும்.

நகையையும் பணத்தையும் உறவினரோ வேறு சாட்சியோ பார்க்க எண்ணி எழுதுவார்கள். பட்டியலில் “மஞ்சள் உலோகச் சங்கிலி” என்று இருந்தால் கோபப்படாதீர்கள். தங்கமா இல்லையா என்று உரசிப் பார்க்காதவர் தங்கம் என்று எழுதக்கூடாது. பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்பதே அந்தக் குறிப்பேட்டின் விதி. “தூக்கத்தில் இறந்தார்” என்று எழுத மாட்டோம். “மெத்தையில், கண் மூடிய நிலையில், போர்வை இடுப்பு வரை” என்று எழுதுவோம்.

சந்தேகத்துக்கு இடமான மரணம் என்றால் இது இன்னும் விரியும். குற்றப் புலனாய்வுத் துறையின் தடயவியல் ஆட்கள் வருவார்கள். நோயியல் நிபுணரே நேரில் வருவார். இறந்தவரின் கைகளைக் காகித உறையால் மூடுவார்கள். பிளாஸ்டிக்கால் மூடினால் வியர்த்து, நகத்தடியில் இருப்பது கெட்டுவிடும். உங்கள் பெரியப்பா வீட்டில் அது நடக்கவில்லை என்று நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது.

நம் ஆட்கள் அடிக்கடி கேட்பது, “கண்ணை மூடிவிடலாமா, தாடையைக் கட்டலாமா, நெற்றியில் திருநீறு வைக்கலாமா, ஒரு வாய் தண்ணீர் விடலாமா?” அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும், என் வீட்டிலும் சாவு நடந்திருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் கூடாது. தாடையைக் கட்டிய துணியின் தடம் கழுத்தில் பதிந்தால் அது எதன் தடம் என்று பிறகு யார் சொல்வது? முகத்தைத் துடைத்தால் வாயோரம் இருந்தது போய்விடும். ஒருமுறை ஒரு மகள், அப்பா அப்படிக் கிடக்கிறாரே என்று மனம் பொறுக்காமல், எங்களை அழைக்கும் முன் தரையைத் துடைத்து, வேட்டியை மாற்றி, உடைந்த கண்ணாடிக் குவளையைக் கூட்டி அள்ளிக் குப்பைக் குழாயில் போட்டுவிட்டார். பாசத்தில் செய்தது. நெற்றியில் ஒரு வெட்டு இருந்தது. குவளை மேல் விழுந்து வெட்டியதா, வெட்டிய பிறகு விழுந்தாரா? அந்தக் கண்ணாடித் துண்டுகள் கிடந்த இடம் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கும். அதைத் துடைத்ததால் அந்தப் பெண் மூன்று முறை வாக்குமூலம் கொடுக்க வேண்டியதாயிற்று. நான் செய்யக்கூடியதைச் செய்வேன்: தாழ்வாரத்தில் ஓரமாக ஓர் அகல் ஏற்றிக்கொள்ளச் சொல்வேன், உடல் வாசலைத் தாண்டும்போது ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்வேன். மற்ற எல்லாச் சடங்கும் உடல் கையில் கிடைத்த பிறகு.

அங்கிருந்து உடல் போனது சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை வளாகத்தின் 9ஆம் புளோக்கில் சுகாதார அறிவியல் ஆணையம் நடத்தும் பிணவறைக்கு. பெரும்பாலும் மறுநாள் காலை நெருங்கிய உறவினர் வந்து அடையாளம் காட்ட வேண்டும். நோயியல் நிபுணர் உடலை வெளியே பரிசோதிப்பார். இப்போது சிடி ஸ்கேனும் எடுக்க முடிகிறது. பழைய மருத்துவக் குறிப்புகள், வீட்டில் எடுத்த படங்கள், விசாரணை அதிகாரியின் அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அறுத்துப் பரிசோதிக்க வேண்டுமா என்பதை மரண விசாரணை அதிகாரி முடிவு செய்வார். குடும்பத்துக்கு அதில் மன வருத்தமோ சமயக் காரணமோ இருந்தால் விசாரணை அதிகாரியிடம் சொல்லலாம். அது மரண விசாரணை அதிகாரியின் காதுக்குப் போகும், ஆனால் முடிவு அவருடையது. உங்கள் பெரியப்பாவுக்கு அறுக்காமலே சான்றளித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்குத் தோன்றுவது நேர்மாறு. வீட்டில் நான்கு மணி நேரம் செலவிட்டதால்தான் அவர் உடம்பில் கத்தி படாமல் மறுநாளே மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோக முடிந்தது. உள்பூட்டு, கலையாத அறை, எண்ணிக்கை சரியாக இருந்த மாத்திரை, பழைய இதய நோய்க் குறிப்பு, கிடந்த விதத்தோடு பொருந்திய கருமை என்று குறித்திருப்பார்கள். இவை எல்லாம் தாளில் இல்லாமல் எந்த நிபுணரும் வெளியே பார்த்து மட்டும் கையெழுத்துப் போட மாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஓர் இளைஞர் விடுதியில் தூக்கத்திலேயே இறந்துபோனார். அறையில் இருந்தவர்கள் பதறிப்போய் அவரைக் கட்டிலிலிருந்து தரையில் இறக்கி நெஞ்சை அழுத்தியிருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் பிடித்து இறக்கினார்கள், அதற்கு முன் எப்படிப் படுத்திருந்தார் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டு எழுதினேன். அன்று எனக்கே அது சற்று அதிகமாகத்தான் பட்டது. பத்து நாள் கழித்து, உடல் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, அவருடைய தாயார் யாரையோ பிடித்து என் எண்ணை வாங்கி அழைத்தார். புதுக்கோட்டைப் பக்கத்துப் பேச்சு. இழப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “ஐயா, என் பிள்ளை எப்படிக் கிடந்தான்? தவிச்சானா? தண்ணிக்குக் கையை நீட்டினானா?” இதை மட்டும் கேட்டார். குறிப்பேட்டை எடுத்துவந்து பார்த்துச் சொன்னேன்: வலப்பக்கம் ஒருக்களித்து, கை தலையணைக்கு அடியில். போர்வை கலையவில்லை. தண்ணீர்ப் புட்டி தலைமாட்டில், மூடி மூடியபடி, நிறைய. அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு, “சின்னப் பிள்ளையிலேருந்து அவன் அப்படித்தான் ஐயா படுப்பான்” என்றார்.

நான் எழுதாமல் விட்டிருந்தால் அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்? அன்று அந்த அறையில் இல்லாதவர்களுக்காகத்தான் அத்தனை படமும் அத்தனை அளவும். பிணவறையில் காத்திருக்கும் மருத்துவர், என்றோ ஒரு நாள் கோப்பைத் திறக்கும் மரண விசாரணை அதிகாரி, கடல் தாண்டி இருக்கும் தாய், தாழ்வாரத்தில் நின்ற நீங்கள், எல்லாரும் அந்த அறையில் இல்லாதவர்களே.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. விசாரணை அதிகாரியின் பெயரும் எண்ணும் உங்களிடம் கொடுத்திருப்பார்கள். அழைத்துப் பேசுங்கள், சண்டைக்கு அல்ல. இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: உள்பூட்டு எப்படி இருந்தது? கடைசியாக உயிரோடு இருந்தது எப்போது என்று கணித்திருக்கிறார்கள்? உடலில் காயம் ஏதும் குறிக்கப்பட்டிருக்கிறதா? இரத்த மாதிரி ஏதும் ஆய்வுக்கு அனுப்பியிருந்தால் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும், மாதமும் ஆகலாம். அதைப் பற்றியும் விசாரியுங்கள். உங்கள் அம்மா நேரில் வந்து கேட்க விரும்பினால், தமிழில் பேச ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கேட்ட கேள்வி கோப்பில் ஏறும்.

எடுத்துச் சென்ற பொருள்களின் பட்டியலையும் கேளுங்கள். வழக்கு முடிந்ததும் நெருங்கிய உறவினரின் கையெழுத்தோடு திருப்பித் தருவார்கள். உங்கள் பெரியப்பா மணமாகாதவர், அவருடைய தம்பியான உங்கள் அப்பாதான் போக வேண்டியிருக்கும்; அடையாள அட்டையை மறக்க வேண்டாம். ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள். கைப்பேசியை வாங்கியதும் அணைத்துப் போட்டுவிடாதீர்கள். அதில் அவர் குரல் இருக்கலாம். அந்தக் காப்பிக் கோப்பையும் பட்டியலில் இருக்கும். வேண்டாம் என்று சொல்லிவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.